தவறியவர் யார்?

விடியற்காலை நான்கு மணி. இருள் விலகவில்லை, குளிரும் விலகவில்லை. மருத்துவமனையின் இரும்புக் கதவு பூட்டிக் கிடக்கிறது. பூட்டிய கதவுக்கு முன்னே வரிசை நீண்டு கிடக்கிறது. கைக்குழந்தையோடு ஒரு தாய். ஊன்றுகோலோடு ஒரு முதியவர். அவர்களுக்குப் பின்னால், கட்டட வேலைக்குப் போகும் உடையோடு ஓர் உழைப்பாளி. கதவு திறக்க இன்னும் மூன்று மணி நேரம் ஆகும். திறந்த பிறகு, சீட்டு வாங்க ஒரு வரிசை, கோப்பு எடுக்க ஒரு வரிசை, எடை பார்க்க ஒரு வரிசை, நர்ஸைக் காண ஒரு வரிசை, மாத்திரை வாங்க மற்றுமொரு வரிசை! வெளியே வரும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருக்கும். கையிலே மாத்திரை இருக்கும். பையிலே கூலி இராது.

அடுத்த தவணை வருகிறது. "இன்னொரு நாள் மட்டம் போட்டால் ஒரேயடியாக வீட்டிலேயே இருந்துகொள்" என்கிறார் மேஸ்திரி. அடுப்பெரிய வேண்டுமே! உழைப்பாளி வேலைக்குப் போகிறான், மருந்துக்குப் போகவில்லை. மூன்று வாரம் கழித்து, தயங்கித் தயங்கி அந்தக் கதவுக்கு முன்னே வந்து நிற்கிறான். கோப்பு புரட்டப்படுகிறது, முகம் சுளிக்கப்படுகிறது, அறையில் இருப்போர் அத்தனை பேர் காதிலும் விழும்படி ஒரு சொல் வீசப்படுகிறது.

"நீ தவறியவன்! கடைசியிலே போய் நில்!"

ஒருவனுடைய கதை என்று எண்ணிவிடாதீர், தோழர்களே! பல்லாயிரவர் படும் பாட்டைச் சுருக்கி ஓர் உருவமாக்கிக் காட்டினேன். அந்தச் சொல் மட்டும் கற்பனையன்று. 'டிஃபால்ட்டர்' என்பது அங்கே மருத்துவமனைகளில் வழங்கும் சொல். கடன் வாங்கித் தவணை கட்டாதவனை வங்கிக்காரர் அழைக்கும் அதே சொல்! உயிர் காக்க வந்தவனுக்கும் கடன் ஏய்த்தவனுக்கும் ஒரே பட்டம்!

எந்த நாட்டிலே இந்த வரிசை? தென்னாப்பிரிக்காவிலே. 1860-ல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாய் நம்மவர் கப்பலேறிச் சென்று டர்பன் நகரில் இறங்கினரே, அந்த நாட்டிலே. நிறவெறி ஆட்சியை வீழ்த்தி, 1994-ல் கறுப்பு மக்கள் முதன்முதலாக வாக்குச்சீட்டைக் கையில் ஏந்திய நாட்டிலே. என்ன நோய்? எச்.ஐ.வி.! உலகில் வேறெந்த நாட்டிலும் இல்லாத அளவுக்கு, 80 லட்சத்தை நெருங்கும் மக்கள் அங்கே அந்தக் கிருமியை உடலில் சுமந்து வாழ்கின்றனர். டர்பனை உள்ளடக்கிய குவாசூலு-நேட்டால் மாநிலத்திலேதான் எண்ணிக்கை மிகுதி.

ஏன் அங்கே இத்தனை பேர்? "ஒழுக்கக் கேடு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் ஒழுக்கசீலர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்களுக்குத் தங்கச் சுரங்கத்தின் கதை தெரியாது. உழைக்க ஆண் வேண்டும், அவன் குடும்பம் வேண்டாம் என்றது நிறவெறி ஆட்சி. கணவன் சுரங்கத்து விடுதியிலே. மனைவி எங்கோ தொலைதூரக் கிராமத்திலே. ஆண்டுக்கணக்கில் பிரிவு, வறுமை, ஒட்டுப் போட்டாலும் ஒட்டாத குடும்பம். கிருமி புகுவதற்கு முன்பே வீட்டை உடைத்து வைத்திருந்தார்கள் வெள்ளைச் சீமான்கள்.

இன்று நிலை என்ன? மருந்து இருக்கிறது. நாளைக்கு ஒரே ஒரு மாத்திரை. மூன்று மருந்துகளை ஒன்றாய்க் கூட்டிய மாத்திரை. 2019-ன் இறுதியில் அங்கே வழங்கத் தொடங்கினர். ஒழுங்காய் உண்டால் கிருமி அடங்குகிறது. இரத்தப் பரிசோதனையில் அகப்படாத அளவுக்குக் கிருமி அடங்கியவரிடமிருந்து, உடலுறவின் மூலம் பிறருக்கு நோய் பரவுவதில்லை. மருந்துண்பவனும் வாழ்கிறான், அவன் துணைவியும் நலமாய் வாழ்கிறாள். விட்டுவிட்டாலோ, கிருமி மீண்டும் பெருகுகிறது. அதற்கு விடுமுறை கிடையாது, வேலைநிறுத்தமும் கிடையாது.

2025 தொடக்கத்தில் அந்நாட்டு அரசு தந்த கணக்கைக் கேளுங்கள். கிருமி உள்ளோரில் நூற்றுக்கு 96 பேர் தம் நிலையை அறிந்திருக்கின்றனர். அறிந்தோரில் நூற்றுக்கு 79 பேர்தான் மருந்துண்கின்றனர். மருந்துண்போரில் நூற்றுக்கு 94 பேருக்குக் கிருமி அடங்கியிருக்கிறது. ஓட்டை எங்கே இருக்கிறது? சோதனையிலே இல்லை, மாத்திரையிலே இல்லை. நடுவிலே, 'எனக்கு நோய் உண்டு' என்று அறிந்த மனிதனுக்கும் மாத்திரைக்கும் இடையிலுள்ள வழியிலே இருக்கிறது! தெரிந்தும் மருந்தில்லாதோர் 11 லட்சம் பேரை ஆண்டு முடிவதற்குள் சிகிச்சைக்குக் கொண்டுவருவோம் என்று அந்த ஆண்டு பிப்ரவரியில் ஓர் இயக்கத்தைத் தொடங்கி வைத்தார் சுகாதார அமைச்சர் ஏரன் மொட்சோஅலெடி. அந்தப் பதினொரு லட்சத்தில் பெரும்பகுதியினர் முன்பே மருந்துண்ணத் தொடங்கி, இடையிலே நின்றவர்கள். அதாவது, 'தவறியவர்கள்'!

தவறியவர்கள் என்று குற்றம் சாட்டுகிறார்கள் அல்லவா? விசாரணை நடத்துவோம். தவணை தவறியவர் யார் யார் என்று வரிசையாய்ப் பார்ப்போம்.

முதலில் கூண்டில் ஏற வேண்டியவர்கள் மருந்துக் கம்பெனிச் சீமான்கள். 1990-களின் பிற்பகுதியில் இந்த நோய்க்குக் கூட்டு மருந்து வந்துவிட்டது. விலை? ஓர் ஆளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல்! நோயாளி ஆப்பிரிக்காவிலே, மருந்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும். மலிவான மருந்தைத் தருவிக்க வழி செய்து 1997-ல் சட்டம் இயற்றியது தென்னாப்பிரிக்கா. விட்டார்களா? 39 மருந்துக் கம்பெனிகள் சேர்ந்து அந்த அரசின்மீது வழக்குத் தொடுத்தன. பிரதிவாதியாக எழுதப்பட்ட பெயர் நெல்சன் மண்டேலா! 27 ஆண்டு சிறையிலிருந்து மீண்ட மனிதரை, மக்களுக்கு மலிவு மருந்து தர முனைந்த குற்றத்துக்காகக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். அந்த நேரத்திலே, 2001 பிப்ரவரியில், பம்பாயிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "ஓராண்டு மருந்து 350 டாலருக்குத் தருகிறோம்" என்றது சிப்லா நிறுவனம். நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவு! உலகம் வாய்பிளந்தது. பத்தாயிரத்தில் எவ்வளவு மருந்து, எவ்வளவு இலாபம் என்று பாமரனும் கணக்கிட்டான். உலகெங்கும் எழுந்த கண்டனம் தாங்காமல் 2001 ஏப்ரலில் வழக்கைத் திரும்பப் பெற்றனர் கம்பெனிக்காரர்கள்.

இரண்டாவது கூண்டு, சொந்த நாட்டு ஆட்சியாளருக்கு. அந்நியன் செய்த கொடுமையைப் பேசும்போது நம்மவன் செய்ததை மறைப்பது நாணயமன்று. மண்டேலாவுக்குப் பின் ஆட்சிக்கு வந்தவர் தாபோ எம்பெக்கி. படித்தவர், விடுதலைப் போரில் பங்கு கொண்டவர். ஆனாலும், எச்.ஐ.வி. கிருமியால்தான் எய்ட்ஸ் வருகிறதா என்று ஐயம் கிளப்பினார். அவருடைய சுகாதார அமைச்சரோ பீட்ரூட்டையும் பூண்டையும் எலுமிச்சையையும் பரிந்துரைத்தார்! தாயிடமிருந்து குழந்தைக்கு நோய் பரவாமல் தடுக்க நெவிரபின் என்ற மருந்து இருந்தது. தயாரித்த கம்பெனியே ஐந்தாண்டுகளுக்கு இலவசமாய்த் தர முன்வந்தது. நாடு முழுவதும் கொடுத்தார்களா? மாநிலத்துக்கு இரண்டு இடம் என்று 18 இடங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். மற்ற இடங்களில் பிறந்த குழந்தைகள் செய்த பாவம் என்ன? 2000 முதல் 2005 வரை நடந்த இந்தத் தாமதத்தால் பறிபோன உயிர்கள் 3 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல் என்று ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் கணக்கிட்டுக் கூறினர்.

யார் தடுத்தார்கள் இந்தக் கொடுமையை? மேலிருந்து எவரும் மனமிரங்கவில்லை, கீழிருந்தோர் எழுந்தனர். 1998 டிசம்பர் 10-ம் நாள் கேப் டவுன் நகரில், சாக்கி அக்மத்தும் தோழர்களும் சிகிச்சை உரிமைக்காக ஓர் இயக்கம் தொடங்கினர். ட்ரீட்மென்ட் ஆக்ஷன் காம்பெயின் என்று பெயர். அதே மாதத்திலே, தனக்கு நோய் உண்டு என்று வெளிப்படையாய்க் கூறிய குகு டிலாமினி என்ற பெண்ணை டர்பனுக்கு அருகே அடித்தே கொன்றார்கள். உண்மை பேசியதற்குப் பரிசு மரணம்! இயக்கத்தார் அஞ்சினரா? 'எச்.ஐ.வி. பாசிட்டிவ்' என்று கொட்டை எழுத்தில் பொறித்த சட்டையை அணிந்து வீதிக்கு வந்தனர். நோய் உள்ளவரும் அணிந்தனர், இல்லாதவரும் அணிந்தனர். எவர் நோயாளி என்று சுட்டிக்காட்ட முடியாதபடி செய்துவிட்டனர். 2002-ல் மண்டேலாவே அந்தச் சட்டையை அணிந்து நின்றார். "ஏழைக்கு அரசு மருத்துவமனையில் கிடைக்கும்வரை எனக்கும் வேண்டாம்" என்று, நோயாளியான அக்மத் தம் மருந்தை மறுத்தார். கோசாட்டு என்னும் தொழிற்சங்கக் கூட்டமைப்பு தோள் கொடுத்தது. 2002 ஜூலையில் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது, தாய்மார்களுக்கு அந்த மருந்தைக் கொடுத்தே தீரவேண்டும் என்று. 2003-ல் சட்டமறுப்பு, அந்த ஆண்டு நவம்பரில் அமைச்சரவை பணிந்தது, 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை தொடங்கிற்று.

மருந்து வந்தது. அங்கேதான் அடுத்த சிக்கலும் பிறந்தது. பத்துப் பேருக்கு மருந்து கொடுக்கக் கட்டிய அறைக்குள் ஆயிரம் பேர் வந்து நின்றால்? வரிசை வளர்ந்தது, நர்ஸின் பொறுமை தேய்ந்தது. நர்ஸை நான் கூண்டில் ஏற்றவில்லை, தோழர்களே! அவரும் நம்மைப்போல் உழைப்பாளி. ஒரு நாளில் எத்தனை பேர் முகத்தைப் பார்த்துச் சிரிக்க முடியும் அவரால்? முறை கெட்டிருந்தது, மனிதர்கள் அதற்குள் சிக்கிக்கொண்டார்கள்.

இந்த முறையை மாற்றிக் காட்டிய இடம் கயலிட்சா. கேப் டவுனுக்கு அருகே, தகரக் குடிசைகளும் மணற்காடும் நிறைந்த கறுப்பு மக்களின் குடியிருப்பு. எல்லை கடந்த மருத்துவர்கள் என்ற அமைப்பு 2001-லேயே அங்கே சிகிச்சையைத் தொடங்கியது. 2007-ல் அங்குள்ள உபுண்டு மருத்துவமனையில் ஒரு புதுமை செய்தார்கள். மருந்துண்டு உடல் தேறி, கிருமி அடங்கியவனுக்கு வேண்டியது என்ன? டாக்டரின் அரைமணி நேரமா? அவன்தான் நலமாய் இருக்கிறானே! அவனுக்கு வேண்டியது மாத்திரைப் பொட்டலம்; 'எப்படி இருக்கிறாய்?' என்று கேட்க ஒரு குரல். ஆகவே, சுமார் முப்பது பேரை ஒரு குழுவாய்ச் சேர்த்தனர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். நடத்துபவர் டாக்டரல்லர், பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர், அந்த மக்களின் மொழி பேசுபவர். பெயர் எழுதிய பொட்டலங்கள் முன்கூட்டியே கட்டி வைக்கப்பட்டிருக்கும். எடை பார்ப்பார்கள், குறை கேட்பார்கள், மருந்தைக் கொடுப்பார்கள். ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது! நலமாய் இருப்பவர் வரிசையை விட்டு விலகியதும், நலிந்து வந்தவரைக் கவனிக்க நர்ஸுக்கு நேரம் கிடைத்தது.

பலன் என்ன? நாற்பது மாதம் கழித்துக் கணக்கெடுத்தனர். குழுவில் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 97 பேர் சிகிச்சையில் நிலைத்திருந்தனர். பழைய வரிசையிலே நின்றவர்களில் 85 பேர்தான்! அதே ஊர், அதே நோய், அதே மாத்திரை. மாறியது ஒன்றுதான்: மனிதனை நடத்திய விதம். 'தவறியவன்' என்ற வழக்கிலே இதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன வேண்டும்?

கயலிட்சாவில் முளைத்தது நாடெங்கும் பரவிற்று. 2010 முதல், டாக்டருக்காகக் காத்திராமல் பயிற்சி பெற்ற நர்ஸே சிகிச்சையைத் தொடங்கலாம் என்றாயிற்று. 2014-ல், மருந்துப் பொட்டலத்தை மருத்துவமனைக்கு வெளியே வாங்கிக்கொள்ளும் திட்டம் வந்தது. வீட்டருகே மருந்துக்கடையில் வாங்கலாம். மாதா கோயில் கூடத்தில் வாங்கலாம். சமுதாயக் கூடத்தில் வாங்கலாம். 'டப்ளாப்' என்று அந்தத் திட்டத்துக்கு மக்கள் மொழியிலேயே பெயர் வைத்தார்கள். குறுக்குவழி என்று பொருள். நேர்மையான குறுக்குவழி! 2025-ல், உடல் நிலைத்தவர்களுக்கு ஆறு மாத மருந்தை ஒரே தடவையில் கொடுக்கும் ஏற்பாடும் தொடங்கிற்று. ஆண்டுக்கு இரண்டே நடை. இரண்டு நாள் கூலி மிச்சமல்ல, பத்து நாள் கூலி மிச்சம்!

இன்று ஏறத்தாழ 60 லட்சம் பேருக்குச் சிகிச்சை அளிக்கிறது அந்த நாடு. உலகிலேயே பெரிய எச்.ஐ.வி. சிகிச்சைத் திட்டம் அதுதான். 2005-ஐ ஒட்டி 54 வயதளவுக்குச் சரிந்து கிடந்த சராசரி ஆயுள், 2024-ல் 66-ஐத் தாண்டிற்று. பன்னிரண்டு ஆண்டு வாழ்வு! பேரனைத் தூக்கிக் கொஞ்சும் பன்னிரண்டு ஆண்டுகள்!

இந்த நேரத்தில் மூன்றாவது கூண்டுக்கு ஆள் வந்தது. 2025 ஜனவரி 20-ம் நாள், பதவியேற்ற அன்றே, அமெரிக்க அதிபர் டிரம்ப் வெளிநாட்டு உதவி அனைத்தையும் நிறுத்தி வைத்தார். பிப்ரவரி 7-ம் நாள், தென்னாப்பிரிக்காவுக்கு உதவி கூடாது என்று தனியே ஓர் ஆணையும் இட்டார். பெப்ஃபார் என்பது 2003-ல் அமெரிக்கா தொடங்கிய உதவித் திட்டம். பல இலட்சம் உயிர்களைக் காத்த திட்டம்; அதை மறுப்பவன் நன்றி கொன்றவன். தென்னாப்பிரிக்காவின் எச்.ஐ.வி. செலவில் நூற்றுக்குச் சுமார் 17 பங்கு அதிலிருந்து வந்தது. மருந்தைப் பெரும்பாலும் சொந்தப் பணத்தில்தான் அந்நாடு வாங்குகிறது. அதனால் மாத்திரை நிற்கவில்லை. பின் எது நின்றது?

ஆட்கள் நின்றனர்! அமெரிக்கப் பணத்தில் சம்பளம் பெற்ற ஊழியர்களில் 8,000-க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். அவர்கள் யார்? வராத நோயாளிக்குத் தொலைபேசியில் அழைப்பு விடுத்தவர்கள். வீடு தேடிச் சென்று கதவைத் தட்டியவர்கள். அழுதவருக்கு ஆறுதல் கூறியவர்கள். யார் வந்தார், யார் வரவில்லை என்று கணக்கு வைத்தவர்கள். 'தவறியவனை'த் தேடிப் போனவர்களையே தெருவில் நிறுத்தினார்கள்! பாலியல் தொழிலாளருக்கும், ஓரினச் சேர்க்கையாளருக்கும், திருநங்கையருக்கும் என நடத்தப்பட்ட தனி நிலையங்கள் மூடப்பட்டன. "அரசு மருத்துவமனைக்குப் போங்கள்" என்றார்கள். ஏளனப் பார்வைக்கு அஞ்சித்தானே அவர்கள் தனி நிலையத்துக்கு வந்தார்கள்? வரவேற்ற கதவை அடைத்துவிட்டு, விரட்டிய கதவுக்கு வழி காட்டினால், எத்தனை பேர் போவார்கள்?

கொடுப்பது அவர் விருப்பம், நிறுத்துவதும் அவர் விருப்பம், இதில் குற்றம் எங்கே என்று கேட்பார் உண்டு. சரி, நிறுத்தலாம், நாள் குறித்து, கை மாற்றி, ஆள் அமர்த்திவிட்டு நிறுத்தலாம். ஆற்றின் நடுவே ஓடத்தை நிறுத்தி, 'இறங்கிக்கொள்' என்பதா உதவி? ஒரு தவணை தவறிய உழைப்பாளிக்கு வரிசையின் கடைசி. முன்னறிவிப்பே இல்லாமல் தவணை தவறிய வல்லரசுக்கு எந்த வரிசை?

தென்னாப்பிரிக்க அரசு கைகட்டி நிற்கவில்லை. 2025 ஜூலையில் 75 கோடி ராண்டுக்கு மேல் கூடுதலாக ஒதுக்கியது. இழந்ததை ஈடுகட்ட அது போதாது. ஆனால் வழி எது என்பதை அது காட்டுகிறது. பிறர் பணத்தில் ஏற்றிய விளக்கு, பிறர் ஊதினால் அணையும். மருந்துக்குச் சொந்தப் பணம் ஒதுக்கத் துணிந்த அரசு, மருந்தை மனிதனிடம் கொண்டு சேர்க்கும் ஊழியனுக்கும் சொந்தப் பணத்தில் சம்பளம் தரவேண்டும். ஆண்டுக்கணக்கில் சொற்ப ஊதியத்தில் வீடு வீடாய் நடக்கும் சமுதாய சுகாதார ஊழியர்கள் நிரந்தர வேலை கேட்டு நெடுங்காலம் போராடி வந்திருக்கிறார்கள். அந்தக் கோரிக்கையைக் கூலிப் பிரச்சினை என்று மட்டும் பார்ப்பது தவறு. நோயாளியின் உயிர்ப் பிரச்சினையும் அதுவே.

கணக்குக் கேட்க ஆள் வேண்டும், அதுவும் நோயாளிகளிடமிருந்தே வரவேண்டும். ரிட்ஷிட்ஸே என்று ஓர் ஏற்பாடு 2019-ல் அங்கே தொடங்கப்பட்டது. வெண்டா மொழிச் சொல் அது. நம் உயிரைக் காப்பது என்று பொருள். நோயோடு வாழ்வோரின் அமைப்புகளே மருத்துவமனை மருத்துவமனையாய்ச் சென்று, எத்தனை மணி நேரம் காத்திருந்தீர், யார் ஏசினார், எந்த மருந்து இல்லை என்று கேட்டு எழுதி, அதிகாரிகளின் மேசைமீது வைத்தன. கூட்டிக் கழித்து அறிக்கை விடும் அதிகாரிக்குத் தெரியாத உண்மை, வரிசையில் நின்றவனுக்குத் தெரியும்.

நாளைக்கு இன்னும் பெரிய மருந்துகள் வரும். வந்தும்விட்டது ஒன்று. லெனகாபவிர் என்ற ஊசி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் நோய் வராமலே தடுக்கிறது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த சோதனையில் அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்கும் நோய் தொற்றவில்லை என்று 2024-ல் அறிவித்தார்கள். அமெரிக்காவில் அதன் விலை ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல். ஏழை நாடுகளுக்கு 2027 முதல் 40 டாலருக்குத் தர ஐதராபாத்தைச் சேர்ந்த இரண்டு கம்பெனிகள் 2025 செப்டம்பரில் உடன்பட்டன. நற்செய்திதான்! ஆனால் அந்த ஊசியைக் கேட்டு வரும் பதினெட்டு வயதுப் பெண்ணை, "இந்த வயதில் உனக்கு எதற்கு இது?" என்று நாலு பேர் நடுவே கேட்டால், அவள் மறுநாள் வருவாளா? நாற்பது டாலர் ஊசி அலமாரியிலே தூங்கும், கிருமி விழித்திருக்கும்.

விசாரணை முடிந்தது, தோழர்களே! கொள்ளை விலை வைத்தவர் தவறினர். உண்மையை மறுத்து ஐந்தாறு ஆண்டுகளை வீணாக்கியவர் தவறினர். நடு ஆற்றில் ஓடத்தை நிறுத்தியவர் தவறினார். இத்தனை பேர் தவறிய பின்னும், வேலைக்கும் மருந்துக்கும் இடையே நசுங்கி, மூன்று வாரம் கழித்தேனும் திரும்பி வந்தானே அந்த உழைப்பாளி, அவன் தவறியவனா? திரும்பி வந்தவன் அவன்! அவனைக் கடைசிக்கு அனுப்பாதீர். கை பிடித்து முதலில் நிறுத்துங்கள்.

வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலே, மாதா கோயில் கூடத்திலே அவன் பெயர் எழுதிய பொட்டலம் காத்திருக்கட்டும். மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு, பூட்டிய கதவுக்கு முன்னே அல்ல, தன் குடிசையிலே, தன் பிள்ளைகளின் பக்கத்திலே அவன் உறங்கட்டும்!